தீர்ப்புக்குப் பிறகு – 9: பழைய வழக்கு, புதிய பெயர்

2014-க்கு முன்பு கலிஃபோர்னியாவில் திருடும் எண்ணத்தோடு கடைக்குள் நுழைந்து ஒரு ஷாம்பு பாட்டிலைச் சட்டைக்குள் செருகினாலே போதும். அரசு வழக்கறிஞர் நினைத்தால் அதைக் கன்னக்களவு வகையில் சேர்த்து ஃபெலனி, அதாவது பெருங்குற்றம் ஆக்கிவிடலாம். ஜெயில்வாசம் முடிந்தாலும் அந்தப் பெயர் ஆளை விடாது. வேலைக்குப் போனாலும், வாடகைக்கு வீடு கேட்டாலும், தொழில் உரிமத்துக்கு மனு போட்டாலும் பழைய வழக்கு முன்னால் வந்து நிற்கும்.

2014 நவம்பர் 4 அன்று மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தது 47-வது முன்மொழிவு. அதை முன்னின்று கொண்டுவந்தவர்கள் சான் ஃபிரான்சிஸ்கோவின் அப்போதைய அரசு வழக்கறிஞர் ஜார்ஜ் காஸ்கோனும், சான் டியேகோவின் முன்னாள் போலீஸ் தலைவர் வில்லியம் லான்ஸ்டவுனும். ஏறத்தாழ 60 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். 950 டாலருக்கு மேற்படாத கடைத்திருட்டும், சொந்த உபயோகத்துக்குப் போதைப்பொருள் வைத்திருப்பதும் மிஸ்டிமீனர் எனும் சிறுகுற்றம் ஆயின.

தண்டனையை எப்போதோ அனுபவித்து முடித்தவர்களும் பழைய ஃபெலனியை மிஸ்டிமீனர் என்று மாற்றிக்கொள்ள அதில் வழி இருந்தது. ஆனால் கோப்பு தானாக மாறாது. தண்டித்த நீதிமன்றத்துக்கே மனு போட வேண்டும். பெரும்பாலும் நேரில் விசாரணைகூடக் கிடையாது. குற்றம் புதிய சட்டத்துக்குள் வருகிறதா, கொலை போன்ற கொடுங்குற்றமோ பாலியல் குற்றப் பதிவோ மனுதாரர் மீது உண்டா என்று நீதிபதி பார்ப்பார். அவ்வளவுதான்.

சிக்கல் விலையில் வந்தது. திருடிய பொருள் 950 டாலரைத் தாண்டவில்லை என்று காட்டும் பொறுப்பு மனுதாரருடையது என்று மாநில உச்ச நீதிமன்றம் 2017-இல் சொல்லிவிட்டது. பல வருஷத்துக்கு முந்தைய திருட்டுக்கு யாரிடம் பில் இருக்கும்? களவுபோனது வங்கி அட்டையின் விவரம் என்றால் இன்னும் வேடிக்கை: கள்ளச்சந்தையில் அது என்ன விலைக்குப் போகும் என்பதையும் கணக்கில் எடுக்கலாம் என்றது அதே நீதிமன்றம்.

மனு போட முதலில் தந்த கெடு 3 ஆண்டு. பிறகு அது 2022 நவம்பர் 4 வரை நீண்டது. அதற்குப் பின் வருபவர்கள் தாமதத்துக்குத் தக்க காரணம் காட்ட வேண்டும்.

மனு ஏற்கப்பட்டாலும், ஃபெலனிக்காக வந்த துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்ற தடை நீங்காது. மத்திய நீதிமன்றங்களையும் இந்தப் பெயர் மாற்றம் கட்டுப்படுத்தாது: பழைய ஃபெலனியைக் காட்டிக் கூட்டிய மத்தியத் தண்டனையை, மாநிலம் பெயர் மாற்றியதற்காகக் குறைக்க முடியாது என்று 9-வது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016-இல் தீர்ப்பளித்தது.

இதற்கிடையே கடைத்திருட்டு பெருகிவிட்டது என்ற கோபம் கிளம்பியது. 2024 நவம்பரில் 36-வது முன்மொழிவு வென்றது. அதன்படி, ஏற்கெனவே இரண்டு திருட்டு வழக்குகளில் தண்டனை பெற்றவர் மூன்றாவதாகச் சின்னப் பொருளைத் திருடினாலும் அதை ஃபெலனியாக நடத்தலாம். அந்த இரண்டும் மிஸ்டிமீனராக இருந்தாலும் கணக்கில் சேரும்.

(அடுத்த வாரம்: ஒரே நாளில் 462 பேரை வெளியே விட்ட ஓக்லஹோமா)