பெரிய மார்க்கெட் கடைக்கு ஒரு மெயில் முகவரி

புதுச்சேரியில் பெரிய மார்க்கெட்டை ஒட்டிய ரங்கப்பிள்ளை வீதியில் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை இன்றும் நிற்கிறது. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளெக்சுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த அந்த வணிகர் 1736 முதல் எழுதிவந்த நாட்குறிப்பில், எந்தக் கப்பல் வந்தது, அதில் யாருக்கு என்ன கடிதம் வந்தது என்ற பேச்சு ஓயாமல் வந்துகொண்டிருக்கும். இன்று அதே வட்டாரத்துக் கடைக்காரர்கள் ஆர்டரை வாட்ஸ்அப்பில் எடுத்து, பணத்தை போனிலேயே வாங்கிவிடுகிறார்கள். அப்புறம் மெயில் எதற்கு என்று கேட்டால் அது நியாயமான கேள்விதான். மார்க்கெட்டுக்குள் மீன் விற்பவருக்கும் பூக்கட்டுபவருக்கும் அது தேவையில்லை என்றே நான் சொல்வேன்.

தேவைப்படுவது வேறு ஆட்களுக்கு. ஓட்டல்களுக்கு மாதக் கணக்கில் மளிகை போடும் மொத்த வியாபாரி, ஊதுபத்தியும் சாம்பிராணியும் பிரான்சுக்கு ஏற்றுபவர், அலுவலகங்களுக்கு ஸ்டேஷனரி கொட்டேஷன் கொடுப்பவர். இவர்களுக்குப் பர்ச்சேஸ் ஆர்டர் மெயிலில் வருகிறது, பில்லும் மெயிலில்தான் போக வேண்டும். பலர் கடைப் பெயரோடு ஊர்ப் பெயரையும் இரண்டு எண்ணையும் ஒட்டி ஒரு ஜிமெயில் வைத்துச் சமாளிக்கிறார்கள். அதைத் திறந்து கொடுத்தது பெரும்பாலும் கணக்கு எழுத வந்த பையனாக இருக்கும். அவன் வேலையை விட்டுப் போனால் பாஸ்வேர்டும் அவனோடு போய்விடும், அதை மீட்க வரும் ஓடிபியும் அவன் போனுக்கே போகும். கடைப் பெயரில் சொந்தமாக ஒரு டொமைன் வாங்கி, அதில் மெயில் வைத்துக்கொண்டால் இந்தத் தலைவலி இல்லை.

இதில் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. விற்பவர்கள் இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டிக் கொடுப்பதால் குழப்பம் வருகிறது. டொமைன் என்பது பெயர். மெயில் ஹோஸ்டிங் என்பது அந்தப் பெயருக்கு வரும் கடிதங்களை வாங்கிச் சேர்த்துவைக்கும் இடம். பெரிய மார்க்கெட்காரர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. கடை நகராட்சியுடையது, பலகையில் இருக்கும் பெயர் அவர்களுடையது. மார்க்கெட்டை இடித்துக் கட்டும் திட்டம் வந்தபோது வியாபாரிகள் கடுமையாக எதிர்த்தார்கள். இடம் மாறினால் வாடிக்கை கலைந்துவிடும் என்ற பயம் அதில் பாதி. இணையத்தில் மட்டும் அந்தப் பயம் வேண்டியதில்லை. பெயர் உங்கள் கையில் இருந்தால் இடத்தை மாற்றிக்கொண்டே போகலாம், கடிதம் போடுகிறவருக்குத் தெரியக்கூடத் தெரியாது.

அது எப்படி நடக்கிறது? பாரிசிலிருந்து ஒருவர் உங்கள் கடைக்கு மெயில் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். முகவரியின் நடுவில் இருக்கும் ‘அட்’ குறி 1971-ல் ரே டாம்லின்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் தேர்ந்தெடுத்தது. அதற்கு இடப்பக்கம் இருப்பது ஆள், வலப்பக்கம் இருப்பது டொமைன். அனுப்புபவரின் சர்வர் வலப்பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, உலகம் முழுக்கப் பரவிக் கிடக்கும் டிஎன்எஸ் பதிவேட்டில் தேடும். அங்கே அந்த டொமைனின் பெயரில் ‘எம்எக்ஸ்’ என்று ஒரு வரி இருக்கும். இந்தக் கடைக்கு வரும் மெயிலை இன்ன சர்வரிடம் கொடு என்பதுதான் அந்த வரி. ஹோஸ்டிங் நிறுவனத்தை மாற்றுவது என்றால் அடிப்படையில் இந்த வரியை மாற்றுவதுதான். பழைய மெயில்களை இழுத்துக்கொண்டு வருவது தனி வேலை.

வாங்க வேண்டிய சர்வர் அந்த நேரம் படுத்துக் கிடந்தால்? அனுப்பிய சர்வர் கடிதத்தைத் தூக்கி எறிந்துவிடாது. வரிசையில் வைத்துத் திரும்பத் திரும்ப முயலும். நான்கைந்து நாளாவது முயல வேண்டும் என்பது மெயிலுக்கான பொது விதி. அதனால் ‘99.9 சதவீதம் இயங்கும்’ என்ற விளம்பரத்தைப் பார்த்து நான் மயங்குவதில்லை. அந்தக் கணக்கில் வருடத்துக்கு எட்டே முக்கால் மணி நேரம் சர்வர் நிற்கலாம், நின்றாலும் பெரும்பாலும் கடிதம் தொலையாது. தொலைவது வேறு இரண்டு இடங்களில்.

முதல் இடம், பெயர். இதற்கு நம் பக்கத்துச் சம்பவமே இருக்கிறது. ஸ்ரீதர் வேம்புவும் கூட்டாளிகளும் 1996-ல் அட்வென்ட்நெட் என்று தொடங்கி, 2009-ல் சோஹோ என்று பெயர் மாறிய நிறுவனம் சென்னைக்கு அருகிலிருந்தும் தென்காசிப் பக்கத்து மத்தளம்பாறையிலிருந்தும் இயங்குகிறது. அது உலகம் முழுக்க மெயில் சேவை விற்கிறது. 2018 செப்டம்பர் 24, திங்கட்கிழமை. சோஹோவின் சர்வர்கள் எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் சோஹோ டாட் காம் என்ற பெயரைப் பதிந்து வைத்திருந்த அமெரிக்க நிறுவனம், சோஹோ மெயிலிலிருந்து மோசடிக் கடிதங்கள் போகின்றன என்ற புகாரின் பேரில் அந்தப் பெயரையே முடக்கிவிட்டது. வந்த புகார்கள் மூன்றுதான், இரண்டின் மீது ஏற்கெனவே நடவடிக்கை எடுத்தாயிற்று என்றது சோஹோ. உரிய ஆளைப் பிடிக்க முடியாமல் ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் பகிரங்கமாக உதவி கேட்க வேண்டியதாயிற்று. சில மணி நேரத்தில் பெயர் திரும்பக் கிடைத்தாலும், உலகமெங்கும் உள்ள டிஎன்எஸ் பதிவேடுகள் அதை மறுபடி ஏற்றுக்கொள்ள இன்னும் நேரம் பிடித்தது. பிறகு அவர்கள் பெயர்ப் பதிவையே வேறிடத்துக்கு மாற்றினார்கள்.

சர்வர் நின்றால் அனுப்புபவரின் சர்வர் காத்திருக்கும் என்றேனே, பெயரே இல்லையென்றால் காத்திருக்காது. அப்படி ஒரு முகவரி கிடையாது என்று கடிதம் உடனே திரும்பிவிடும். பெரிய நிறுவனத்துக்கே இந்தக் கதி என்றால், புதுப்பிக்கும் தேதியை மறந்துவிட்டு டொமைனைக் காலாவதியாக விடும் கடையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பெயரை ஐந்து வருடத்துக்குச் சேர்த்துக் கட்டி, தானாகப் புதுப்பிக்கும் வசதியையும் போட்டுவையுங்கள். அந்தக் கணக்குக்கான தொடர்பு முகவரியாக அதே டொமைனின் மெயிலைக் கொடுக்காதீர்கள். டொமைன் முடங்கினால் எச்சரிக்கைக் கடிதமும் உங்களுக்கு வராது.

பெயரும் இடமும் வேறுவேறு என்பதற்கு மறுபக்க உதாரணமும் அதே சோஹோதான். மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மெயில் அந்த நிறுவனத்தின் தளத்துக்கு மாற்றப்பட்டதாக 2025 அக்டோபரில் செய்தி வந்தது. முகவரியில் இருக்கும் அரசு டொமைன் அப்படியே இருக்கிறது.

கடிதம் தொலையும் இரண்டாவது இடம், ஸ்பேம் பெட்டி. நீங்கள் அனுப்பிய கொட்டேஷன் போய்ச் சேர்ந்துவிட்டது, ஆனால் ஓட்டல் மேனேஜர் பார்க்காத மூலையில். இதற்குப் பெரும்பாலும் காரணம், விலை மலிவான வெப்சைட் ஹோஸ்டிங்கோடு இலவச இணைப்பாக வரும் மெயில். அதில் நூற்றுக்கணக்கான கடைகள் ஒரே சர்வர் முகவரியைப் பங்கு போட்டுக்கொள்ளும். அவற்றில் ஒன்று குப்பை மெயில் அனுப்பினால், ஸ்பாம்ஹாஸ் போன்ற அமைப்புகளின் தடைப் பட்டியலில் அந்தச் சர்வர் ஏறிவிடும். தப்பே செய்யாத உங்கள் கொட்டேஷனும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். இந்த இலவச இணைப்பை வாங்காதீர்கள் என்று தயங்காமல் சொல்வேன்.

நல்ல ஹோஸ்டிங் வாங்கினாலும் டிஎன்எஸ்ஸில் மூன்று வரிகளைச் சேர்த்தாக வேண்டும். எஸ்பிஎஃப், எங்கள் பெயரில் அனுப்ப இன்னின்ன சர்வர்களுக்கே அனுமதி என்று அறிவிக்கும். டிகிம், போகும் ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு கணிதக் கையெழுத்தைப் போட்டு, அதைச் சரிபார்க்கும் சாவியை டிஎன்எஸ்ஸில் வெளியிடும். இந்தச் சோதனைகளில் தோற்கும் கடிதத்தை ஸ்பேமில் போடுவதா, திருப்பி அனுப்புவதா என்று பெறுபவருக்குச் சொல்வது டிமார்க். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹூவும் இதில் கறாராகிவிட்டன. ஜிமெயில்காரர்களுக்கு அனுப்பும் எவருக்கும் முதல் இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும், ஒரு நாளைக்கு 5,000 கடிதம் அனுப்புபவர்களுக்கு மூன்றும் கட்டாயம். தீபாவளிச் சலுகை அறிவிப்பை வாடிக்கையாளர் எல்லோருக்கும் ஒரே மூச்சில் அனுப்பும் பழக்கமுள்ள கடைகள் கவனிக்க.

எந்த நிறுவனம் என்று கேட்டால், நாலைந்து பெட்டி போதும் என்கிற கடைக்கு சோஹோ, கூகுள், மைக்ரோசாப்ட் மூன்றில் எதுவும் சரிதான். கட்டணம் ஆள் கணக்கில் வரும். அதனால் விற்பனைக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று என்று தனிப் பெட்டி வாங்க வேண்டாம். ஒரே பெட்டிக்குக் கூடுதல் பெயராக வைத்துக்கொள்ளலாம், அதற்குத் தனிக் காசு கேட்பதில்லை. இலவசத் திட்டங்களை நம்பி நிரந்தரமாகக் குடியேறாதீர்கள். கூகுள் சொந்த டொமைனுக்கு இலவசமாகக் கொடுத்துவந்த திட்டத்தை 2012 டிசம்பரில் புதியவர்களுக்கு மூடியது. 2022-ல், பழையவர்களிலும் வியாபாரத்துக்குப் பயன்படுத்துவோர் பணம் கட்ட வேண்டும் என்றது.

கடைக்குள்ளேயே ஒரு கம்ப்யூட்டரை வைத்து மெயில் சர்வர் ஓட்டலாம் என்று ஆலோசனை சொல்லும் தம்பிகளும் இருக்கிறார்கள். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்த பிறகு புதுச்சேரியும் கடலூரும் கரண்ட் இல்லாமல் கிடந்ததை நினைத்துப் பாருங்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியதையும் நினைத்துப் பாருங்கள்.

ஹோஸ்டிங்கைப் பேசி வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, ‘நாங்கள் வெளியேறினால் எங்கள் மெயில் முழுவதையும் எடுத்துக்கொண்டு போக வழி உண்டா?’ என்பது. ஐமேப் வசதி இருந்தால் எல்லாவற்றையும் இன்னொரு இடத்துக்கு நகல் எடுக்க முடியும். ஜிஎஸ்டி சட்டம் கணக்கு ஆவணங்களை, ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்கச் சொல்கிறது. பில்லும் ஆர்டரும் மெயிலில் கிடக்கிற கடைக்கு இது வெறும் சட்டப் பேச்சு இல்லை.

இரட்டைப் பாதுகாப்பு, அதாவது பாஸ்வேர்டுக்கு மேல் போனில் ஒரு உறுதி, கட்டாயம் வேண்டும். பெட்டிக்குள் ஒளிந்து நுழைந்து, பில் போகிற நேரம் பார்த்து ‘வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என்று கடை பெயரிலேயே கடிதம் போடுகிற மோசடி பெருகிவிட்டது. 2023-ல் இவ்வகையில் போன பணம் 290 கோடி டாலர் என்று அமெரிக்க எஃப்பிஐ கணக்குக் காட்டியது. அது அவர்களிடம் புகாராக வந்தது மட்டும். இங்கே பணம் போனால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

ஹோஸ்டிங்கைத் தேடத் தொடங்குமுன் ஒரு வேலை. உங்கள் கடைக்கு வெப்சைட் செய்து கொடுத்தவரிடம், டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள். அவர் பெயரில் இருந்தால், எழுதி வாங்கி உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.