காசு குடுத்து வாங்கிற முத்திரை கடைக்கு உதவுமா?

இந்தக் கிழமை எபிசோட்டில சின்ன ஆன்லைன் கடைகளைப் பற்றிக் கதைச்சம். நேரம் போதாமல் விட்ட ஒரு விஷயத்தை இங்க எழுதுறன்.

ஃபாரஸ்ட் கேட்டில இருக்கிற என்ர சித்தி வீட்டில மிளகாய்த்தூள் வறுத்துத் திரிச்சு ஒரு வெப்சைட்டில விக்கிறா. போன மாதம் அவவுக்கு ஒரு ஈமெயில் வந்தது. மாதா மாதம் காசு கட்டினால் "நம்பகமான கடை" எண்டு ஒரு முத்திரை தருவினமாம், அதைச் சைட்டில போட்டால் விற்பனை கூடுமாம். "கட்டட்டோ தம்பி?" எண்டு கேட்டா. பதில் சொல்ல முதல் கொஞ்சம் தேடிப் பார்த்தன்.

இந்தத் துறையில பழைய, பெரிய பெயர் அமெரிக்காவின் டிரஸ்ட்இ. 1997இல் லாப நோக்கம் இல்லாத அமைப்பாகத் தொடங்கி, 2008இல் லாபத்துக்கு நடக்கிற கம்பெனியாக மாறியது. முத்திரை குடுத்த சைட்டுகளை ஒவ்வொரு வருசமும் திரும்பச் சோதிப்பதாகச் சொல்லி வந்தது. ஆனால் 2006 முதல் 2013 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடவை அந்தச் சோதனை நடக்கவே இல்லை எண்டு 2014இல் அமெரிக்க அரசின் எஃப்டிசி குற்றம் சாட்டியது. 2 லட்சம் டாலர் கட்டி விஷயத்தை முடிச்சவை. 2010இல் கன்ட்ரோல்ஸ்கேன் எண்ட கம்பெனியும் எஃப்டிசியிட்ட மாட்டினது. அவையின்ர முத்திரையில ஒவ்வொரு நாளும் அண்டைய திகதி தெரியும், ஆனால் ஒருத்தரும் ஒவ்வொரு நாளும் சோதிக்கேல்லை.

இன்னும் ஒண்டு. பென் எடெல்மன் எண்ட ஆய்வாளர் 2006இல் கணக்குப் பார்த்தார். டிரஸ்ட்இ முத்திரை உள்ள சைட்டுகள், இல்லாத சைட்டுகளை விட இரண்டு மடங்குக்கு மேல் மோசமாக இருக்க வாய்ப்பு இருந்தது! யோசிச்சால் காரணம் விளங்கும். பெயர் எடுத்த கடைக்கு முத்திரை தேவையில்லை. சந்தேகத்துக்குரிய ஆளுக்குத்தான் அது அவசரமாத் தேவை.

அப்ப காசு வாங்கிக் குடுக்கிற எல்லா முத்திரையும் சும்மாவோ? இல்லை. பக்கத்தில கிரீன் ஸ்ட்ரீட் நகைக்கடைகளுக்குப் போய்ப் பாருங்கோ. 22 கரட் நகையில 916 எண்டு ஹால்மார்க் இருக்கும். அதுக்கும் காசு கட்டத்தான் வேணும். ஆனால் லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் ஹாலில இருக்கிற சோதனை நிலையம் அந்த நகையையே சோதிக்கும். தங்கம் குறைஞ்சால் 916 விழாது. 1 கிராமுக்கு மேற்பட்ட நகையை ஹால்மார்க் இல்லாமல் தங்கம் எண்டு விக்க இங்க சட்டம் விடாது.

ஆகவே காசு கட்டுறது பிரச்சினை இல்லை. கேட்க வேண்டிய கேள்வி ஒண்டுதான்: காசு கட்டின ஆள் ஃபெயில் ஆக முடியுமா? முடியாட்டி அது முத்திரை இல்லை, விளம்பரம்.

இன்னொரு சிக்கல், ஆன்லைன் முத்திரை வெறும் படம். ஆரும் கொப்பி பண்ணலாம். அனுமதி இல்லாமல் போடுறது பிரித்தானியாவில சட்டவிரோதம்தான், ஆனால் கள்ளன் சட்டம் பார்க்க மாட்டான். உண்மையான முத்திரையை அமத்தினால், அதைக் குடுத்தவையின்ர சொந்த சைட்டில அந்தக் கடையின்ர பதிவு திறக்க வேணும். வாங்கேக்க அதை ஒருக்கா அமத்திப் பாருங்கோ.

சித்தியிட்ட அந்தக் கேள்வியைக் கேட்கச் சொன்னன். ஈமெயிலில கேட்டா. "காசு கட்டினவுடன முத்திரை வரும்" எண்டு பதில். முடிஞ்சுது.

பிறகுதான் அவவின்ர பிரிட்ஜுக்கு மேல ஒரு ஸ்டிக்கரைக் கண்டன். கடை தொடங்கேக்க நியூஹாம் கவுன்சிலில பதிஞ்சவ, அது இலவசம். கவுன்சில் ஆள் வந்து குசினியைப் பார்த்து உணவுச் சுகாதாரத்துக்கு 5 குடுத்திருக்கிறார். 0 முதல் 5 வரை வரலாம், காசு குடுத்துக் கூட்டேலாது, ஆரும் உணவுத் தர நிறுவனத்தின்ர சைட்டில தேடிப் பார்க்கலாம். ஃபெயில் ஆகக்கூடிய சோதனையில பாஸான அத்தாட்சி பிரிட்ஜுக்கு மேல தூசு பிடிச்சுக் கிடந்தது!

இப்ப அந்த 5 முதல் பக்கத்தில இருக்கு. சட்டப்படி போட வேண்டிய பெயர், முகவரி, ஈமெயிலும் கீழே தெளிவா இருக்கு. "உதுக்கே காசு கட்டப் பார்த்தனான்?" எண்டு சித்தி சிரிக்கிறா.

உங்கட வீட்டிலயும் ஆரும் சின்னக் கடை நடத்தினால் இதை அனுப்பி விடுங்கோ. அடுத்த கிழமை சந்திப்பம்.