100 நாளில் ராட்சத பேட்டரி! கேலி செய்தவர்கள் வாயை அடைத்தது

ஒரு மாநிலமே இருட்டில் மூழ்கியது. 100 நாளில் ராட்சத பேட்டரி வைத்துத் தருகிறேன், தவறினால் காசே வேண்டாம் என்று ஒரு கோடீசுவரர் சவால் விட்டார். ஜெயித்தும் காட்டினார்!

ஆஸ்திரேலியாவில் நடந்த இந்தச் சம்பவம் பற்றிய விவரம் வருமாறு:-

சாய்ந்த கோபுரங்கள்

தெற்கு ஆஸ்திரேலியா மாநிலத்தில் 2016-ம் ஆண்டு செப்டம்பர் 28-ந்தேதி மாலை பயங்கர சூறைக்காற்று வீசியது. 23 மின்கோபுரங்கள் சாய்ந்தன. பக்கத்து மாநிலமான விக்டோரியாவில் இருந்து வந்த மின்சாரமும் துண்டானது. தலைநகர் அடிலெய்டு உள்பட சுமார் 8½ லட்சம் இணைப்புகளில் கரண்ட் கட்!

மறு ஆண்டு மார்ச் மாதம் டெஸ்லா கம்பெனி அதிபர் எலான் மஸ்க் சவாலை வீசினார். முதல்-மந்திரி ஜெய் வெதரில் துணிந்து இறங்கினார்.

"வாழைப்பழம்"

அந்த நாட்டில் டூரிஸ்டுகளைக் கவர ரோட்டோரம் ராட்சத வாழைப்பழம், ராட்சத இறால் பொம்மைகள் உண்டு. இந்த பேட்டரியும் அந்த ரகம்தான் என்று அப்போதைய மத்திய நிதி மந்திரி ஸ்காட் மாரிசன் கிண்டல் அடித்தார்.

செப்டம்பர் கடைசியில் கெடு தொடங்கியது. ஜேம்ஸ்டவுன் ஊர் அருகே ஹார்ன்ஸ்டேல் காற்றாலைகளை ஒட்டி வேலை மும்முரமாக நடந்தது. டிசம்பர் 1-ந்தேதியே 100 மெகாவாட் பேட்டரி ஓடத் தொடங்கிவிட்டது!

நள்ளிரவு சோதனை

இரண்டே வாரத்தில் சோதனை வந்தது. 14-ந்தேதி அதிகாலை 2 மணி. விக்டோரியாவில் லாய் யாங் அனல்மின் நிலையத்தில் ஒரு யூனிட் திடீரென்று நின்றது. 560 மெகாவாட் போச்சு!

மின்சாரத்தின் துடிப்பு வினாடிக்கு 50 இருக்க வேண்டும். ரொம்ப இறங்கினால் மற்ற நிலையங்களும் வரிசையாகப் படுத்துவிடும். இன்னொரு நிலக்கரி நிலையம் கைகொடுக்கச் சில வினாடிகள் ஆனது. அதற்கு முன்பே, ஏறக்குறைய 1,000 கி.மீ. தள்ளி இருந்த பேட்டரி முந்திக்கொண்டு மின்சாரத்தைப் பாய்ச்சியது.

கொடுத்தது 7 மெகாவாட்தான். முழு மூச்சில் கொடுத்தாலும் ஒன்றேகால் மணி நேரத்தில் காலியாகிவிடும். ராத்திரி முழுக்க ஊருக்கு விளக்கேற்ற அதனால் முடியாது. மற்ற நிலையங்கள் கிளம்பி வரும்வரை தாங்கிப்பிடிப்பதே அதன் வேலை.

அபராதம்

2020-ல் பேட்டரி 150 மெகாவாட்டாகப் பெரிதாக்கப்பட்டது. ஆனால் 2019-ல் சில மாதங்கள், தயார் என்று சொல்லிப் பணம் வாங்கிவிட்டு, சொன்ன அளவுக்குத் தயாராக இல்லாதது அம்பலமானது. 2022-ல் கோர்ட்டு அதன் கம்பெனிக்கு 9 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது.

அவசரத்துக்கு உதவத் தயாராக இல்லையென்றால் ராட்சதனுக்கும் தண்டனைதான்!