விக்கியில் ஒரு திருத்தம் செய்தால் எத்தனை புள்ளி? கேம் விக்கி முதல் தமிழ் விக்கி வரை உழைப்பை எண்ணும் கணக்கு

'ஆண்டிமடம்' என்று ஒரு விக்கிப் பக்கத்தில் தமிழில் தட்டிச் சேமித்தால் 27 பைட் கூடும். அதே பெயரை ஆங்கில எழுத்தில் தட்டினால் 9 பைட்தான். ஊர் ஒன்று, உழைப்பும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் கணக்கில் மூன்று மடங்கு வித்தியாசம்!

யூனிகோட் முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட் போதும். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் தேவை. புள்ளியும் கொம்பும்கூடத் தனித்தனிக் குறியீடுகள்தான். 'ம்' என்ற ஒற்றை எழுத்துக்கே 6 பைட் ஆகிவிடும்.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்கிறீர்களா? விளையாடும் கேமுக்கு ஒரு விக்கி, சொந்த ஊருக்கு ஒரு விக்கிப்பீடியா பக்கம் என்று இன்று லட்சக்கணக்கானோர் சம்பளம் இல்லாமல் எழுதுகிறார்கள். அந்த உழைப்புக்குப் புள்ளி, பதக்கம், தரவரிசை எல்லாம் உண்டு. அதை எப்படி எண்ணுகிறார்கள் என்பதைப் பொறுத்துதான், பக்கத்தில் நல்ல தகவல் சேருமா, குப்பை சேருமா என்பதே முடிவாகிறது.

கேம் விக்கியில் என்ன கணக்கு?

கேம் விக்கிகள் அதிகம் இருக்கும் தளம் ஃபேண்டம். விக்கிப்பீடியாவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜிம்மி வேல்ஸும் ஆஞ்செலா பீஸ்லியும் 2004-ல் 'விக்கிசிட்டீஸ்' என்ற பெயரில் ஆரம்பித்தது இது. பிறகு 'விக்கியா' ஆகி, 2016-ல் 'ஃபேண்டம்' ஆனது. விளம்பர வருமானத்தில் ஓடும் வணிக நிறுவனம்.

இங்கே விரும்பும் விக்கிகளுக்காக 'சாதனைப் பதக்கங்கள்' என்ற வசதி வந்தது. வெண்கலப் பதக்கத்துக்கு 10 புள்ளி, வெள்ளிக்கு 50, தங்கத்துக்கு 100. முதல் திருத்தத்துக்கே ஒரு பதக்கம் கிடைக்கும். பிறகு 5, 10, 25, 50, 100 என்று படிகள் ஏறிக்கொண்டே போகும். படம் சேர்த்தால் தனிப் பதக்கம். தொடர்ந்து 5 நாள் வந்தால் ஒன்று, 14 நாள் வந்தால் ஒன்று, ஆண்டு முழுக்க 365 நாளும் வந்தால் இன்னொன்று. அந்த விக்கியின் ஒவ்வொரு 1,000-வது திருத்தமும் யார் கையில் விழுகிறதோ, அவருக்கு 'அதிர்ஷ்டத் திருத்தம்' பதக்கம்.

கேம்பீடியா என்ற இன்னொரு கேம் விக்கித் தளம் வேறு வழியில் போனது. அங்கே திருத்தம் செய்யச் செய்ய 'விக்கிபாயிண்ட்ஸ்' சேர்ந்தது. தரவரிசைப் பட்டியலில் பெயர் மேலே ஏறியது. 2018-ல் கேம்பீடியாவை ஃபேண்டம் வாங்கிவிட்டது.

பார்த்தால் நல்ல ஏற்பாடுதானே? புதிதாக வருகிறவருக்கு உற்சாகம். ஆனால் சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஐந்து பிழைகளை ஒரே தடவையில் திருத்திச் சேமித்தால் அது ஒரு திருத்தம். ஒவ்வொன்றாகத் திருத்தி ஐந்து தடவை சேமித்தால் ஐந்து திருத்தம். நாள் கணக்குப் பதக்கம் அறுந்துபோகாமல் இருக்க, ராத்திரி 11.55-க்கு வந்து ஒரு காற்புள்ளியை மட்டும் சேர்த்துவிட்டுப் போகலாம். இதற்குப் 'பதக்க வேட்டை' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இந்தத் தொல்லையாலேயே பல கேம் விக்கிகள் பதக்க வசதியே வேண்டாம் என்று நிறுத்திவிட்டன.

தமிழ் விக்கிப்பீடியாவில் புள்ளி உண்டா?

2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இன்று 1.5 லட்சத்துக்கும் அதிகமான கட்டுரைகள் இருக்கின்றன. இங்கே நிரந்தரப் புள்ளி முறை கிடையாது. ஆனால் எண்ணிக்கை உண்டு. யார் எத்தனை முறை தொகுத்தார், எத்தனை பைட் கூட்டினார், குறைத்தார் என்பது எல்லோருக்கும் தெரியும்படி பதிவாகும்.

ஒரு உதாரணம் பார்ப்போம். அரியலூர் மாவட்டத்தின் ஆண்டிமடம் முன்பு தனிச் சட்டமன்றத் தொகுதி. 2008 தொகுதி மறுசீரமைப்புக்குப் பிறகு அந்தத் தொகுதி இல்லை; இப்போது ஊர் ஜெயங்கொண்டம் தொகுதியில் வருகிறது. ஏதோ ஒரு பக்கத்தில் பழைய தகவலே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளூர்க்காரர் ஒருவர் அந்த வரியை நீக்கி, சரியானதைச் சுருக்கமாகப் போடுகிறார். பைட் குறைகிறது. வரலாற்றுப் பக்கத்தில் அது சிவப்பு நிறத்தில் கழித்தல் குறியோடு காட்டும்!

இன்னொருவர் ஊரைப் பற்றி எங்கேயோ கேட்ட கதையை ஆதாரமே இல்லாமல் நான்கு பத்தி எழுதுகிறார். அவருக்குப் பச்சை நிறத்தில் ஆயிரக்கணக்கான பைட் கூட்டல். எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டாமவர்தான் பெரிய உழைப்பாளி. படிக்கிறவருக்கு உதவியது யார்?

எண்ணிக்கையால் கிடைக்கும் நிஜமான பயன்

ஆங்கில விக்கிப்பீடியாவில் கணக்குத் தொடங்கி 4 நாளும் 10 தொகுப்பும் ஆகிவிட்டால், பக்கத்தின் தலைப்பை மாற்றுவது போன்ற சில உரிமைகள் தானாகக் கிடைக்கும். புதுக் கணக்கில் வந்து விஷமம் செய்பவர்களைத் தடுக்க இந்த ஏற்பாடு.

அடுத்தது, பலருக்கும் தெரியாத ஒன்று: விக்கிப்பீடியா நூலகம். கணக்குக்கு 6 மாத வயது, மொத்தம் 500 தொகுப்புகள், கடைசி ஒரு மாதத்தில் 10 தொகுப்புகள், தடை எதுவும் இருக்கக் கூடாது. இவ்வளவு இருந்தால், காசு கொடுத்துப் படிக்க வேண்டிய பல ஆய்விதழ்களை இலவசமாகப் படிக்கலாம். ஆராய்ச்சி மாணவருக்கு இது எந்தத் தங்கப் பதக்கத்தையும்விடப் பெரிய பரிசு.

போட்டி வந்தால் கணக்கு மாறும்

போட்டிகளில் மட்டும் தமிழிலும் புள்ளி, பரிசு எல்லாம் வரும். இந்திய மொழிகளுக்காக நடந்த 'வேங்கைத் திட்டம்' போட்டியில் கட்டுரை குறைந்தது 300 சொற்கள் இருக்க வேண்டும்; நடுவர்கள் படித்து ஏற்றால்தான் கணக்கில் சேரும். 2019-20-ல் நடந்த அதன் இரண்டாம் சுற்றில் தமிழ் முதலிடம் பிடித்தது.

தமிழ் விக்கிமூலம் இன்னும் சுவாரசியம். பழைய நூல்களின் பக்கங்களைப் படமாக ஏற்றி, எழுத்துகளாக மாற்றிப் பிழை திருத்தும் இடம் அது. 2020-ல் இந்திய மொழி விக்கிமூலங்களுக்கு நடந்த மெய்ப்புப் போட்டியில், ஒரு பக்கத்துக்கு மெய்ப்புப் பார்த்தால் 3 புள்ளி. இன்னொருவர் அதைச் சரிபார்த்தால் 1 புள்ளி. மெய்ப்புப் பார்த்த பக்கம் மஞ்சள், சரிபார்த்தது பச்சை. முக்கியமான விஷயம், மஞ்சளாக்கிய ஆளே அதைப் பச்சையாக்க முடியாது, மென்பொருளே விடாது. தனக்குத்தானே மதிப்பெண் போட்டுக்கொள்ள வழியில்லை.

கேம் விக்கிப் பதக்கத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். அங்கே இயந்திரம் எண்ணியது. இங்கே எண்ணுவதற்கு முன் இன்னொரு மனிதர் படிக்கிறார்.

எண்ணிக்கையை மட்டும் நம்பினால் என்ன ஆகும்?

ஸ்காட்ஸ் மொழி விக்கிப்பீடியாவில் 2020-ல் ஒரு விஷயம் வெளியே வந்தது. அங்கே 20,000-க்கும் அதிகமான கட்டுரைகளை எழுதிக் குவித்த ஒருவர், அந்த மொழியே சரியாகத் தெரியாத அமெரிக்க இளைஞர். ஆங்கில வாக்கியங்களில் சொற்களை மட்டும் மாற்றிப் போட்டிருந்தார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, உதவி செய்வதாகவே நினைத்திருக்கிறார். ஆனால் ஒரு சிறிய மொழியின் கலைக்களஞ்சியமே பல ஆண்டுகள் தப்பும் தவறுமாக நின்றது. நடுவில் அது நிறுத்தப்படவில்லை.

தமிழும் இதன் நிழலைப் பார்த்திருக்கிறது. 2010 வாக்கில் கூகுள் தன் மொழிபெயர்ப்புக் கருவியைக் கொண்டு, கூலிக்கு ஆள் வைத்து, ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழ் விக்கிப்பீடியாவில் சேர்த்தது. கட்டுரைகள் நீளமாக இருந்தன. நடை பல இடங்களில் வாயில் நுழையவில்லை. தமிழ் விக்கிப்பீடியர்கள் சும்மா இருக்கவில்லை. குறைகளைப் பட்டியலிட்டு, கூகுளோடு பேசி, எந்தத் தலைப்பு வேண்டும், எப்படி எழுத வேண்டும் என்று திருத்தச் சொன்னார்கள். அந்த அனுபவத்தை அதே ஆண்டு போலந்தில் நடந்த விக்கிமேனியா மாநாட்டிலும் எடுத்து வைத்தார்கள். படித்துப் பார்க்க ஆட்கள் இருந்ததால் தமிழ் தப்பித்தது.

ஒரே சொடுக்கில் இயந்திரம் பத்துப் பத்தி எழுதித் தரும் இந்தக் காலத்தில் பைட் சேர்ப்பது இன்னும் சுலபம். சரிபார்க்கும் வேலையோ அதே கடினத்தோடுதான் இருக்கிறது.

சேர்த்த புள்ளி யாருக்குச் சொந்தம்?

ரூன்ஸ்கேப் கேமின் விக்கி 2018-லும், மைன்கிராஃப்ட் விக்கி 2023-லும் ஃபேண்டத்தை விட்டு வெளியேறித் தனித் தளங்களாயின. கட்டுரைகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பதால் யாரும் தடுக்க முடியாது. யார் எதை எழுதினார் என்ற திருத்த வரலாறும் கூடவே எடுத்துச் செல்லக்கூடியது. பதக்கமும் புள்ளியும் அப்படியல்ல. அவை அந்தந்த நிறுவனத்தின் தளத்தோடு சரி.

ஆக, ரெஸ்யூமேயில் போட வேண்டும் என்றால் 'இத்தனை ஆயிரம் புள்ளி' என்று எழுதுவதைவிட, நீங்கள் உருவாக்கிய இரண்டு நல்ல பக்கங்களின் இணைப்பைக் கொடுங்கள். கேட்கிறவர் திறந்து பார்த்தாலே உங்கள் உழைப்பு தெரிந்துவிடும்.

ஆரம்பிக்க நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. உங்கள் ஊர்ப் பக்கத்தை இன்றைக்கே திறந்து பாருங்கள். வட்டம், தொகுதி, மக்கள்தொகை என்று ஏதாவது ஒன்று பழசாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு அரசு இணையதளத்திலோ அச்சில் வந்த நூலிலோ ஆதாரம் தேடி எடுத்து, அதோடு சேர்த்துத் திருத்துங்கள். கணக்கில் அது ஒன்றே ஒன்றுதான். ஆனால் நாளைக்குப் பள்ளிப் பாடத்துக்காக அந்த ஊரைத் தேடும் பிள்ளைக்குச் சரியான பதில் கிடைக்கும்.