“மூணு கலர் வாங்கிட்டு வாடா!” - கோலி சோடா முதல் பொவண்டோ வரை

காரைக்குடிப் பக்கம் மத்தியான வெயிலில் ஒரு வீட்டுக்குப் போனால், முன்பெல்லாம் இரண்டு விஷயம் நடக்கும். முதலில் செம்பு நிறையத் தண்ணீர் வரும். அடுத்து, அந்த வீட்டுப் பையன் காசோடு தெருமுனைக் கடைக்கு ஓடுவான். “மூணு கலர் வாங்கிட்டு வாடா!” என்று பின்னாலேயே ஒரு குரல் கேட்கும்.

நிறம் இல்லாவிட்டால் சோடா, நிறம் இருந்தால் கலர். ஆரஞ்சா, திராட்சையா என்று கேட்பதோடு சரி. எந்தக் கம்பெனி என்று கேட்டவர்கள் குறைவு. பஸ் ஸ்டாண்டில் பையன்கள் ஓப்பனரை பாட்டில்களின் மேல் ‘டிர்ர்ர்’ என்று இழுத்தபடி ஜன்னல் ஜன்னலாக விற்றதும் இதைத்தான்.

இந்தக் குமிழிக்கு வயது இருநூற்றைம்பதுக்கு மேல். 1767-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், பீர் ஆலைத் தொட்டிக்கு மேலே தங்கிநின்ற வாயுவைத் தண்ணீரில் கலந்து பார்த்தார் ஜோசப் பிரீஸ்ட்லி. தண்ணீர் சுறுசுறுவென்று இருந்தது. அதை வைத்து வியாபாரம் செய்தவர் வேறொருவர், ஜெனிவாவில் 1783-ல் தொழில் தொடங்கிய ஜேக்கப் ஷ்வெப்.

சிக்கல் மூடியில்தான் இருந்தது. வாயு தக்கையைத் தள்ளிவிடும், இல்லையென்றால் மெல்லக் கசிந்துவிடும். ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-ல் காப்புரிமை பெற்ற பாட்டில் இதைச் சுலபமாகத் தீர்த்தது. கழுத்துக்குள் ஒரு கண்ணாடிக் கோலி, வாயில் ஒரு ரப்பர் வளையம். பாட்டிலைக் கவிழ்த்து நிரப்பினால் கோலி வாய்ப்பக்கம் வந்துவிடும். உள்ளே இருக்கும் வாயுவே அதை வளையத்தோடு சேர்த்து அழுத்தி அடைத்துக்கொள்ளும். எது வெளியேறப் பார்க்கிறதோ, அதையே காவலுக்கு வைத்துவிட்டார் மனுஷன்!

இங்கிலாந்து அந்த பாட்டிலை மறந்துவிட்டது. ஜப்பானில் ‘ராமுனே’ என்ற பெயரிலும், நம்மூரில் கோலி சோடாவாகவும் அது பிழைத்துக்கொண்டது. பெரிய ஆலையெல்லாம் தேவைப்படவில்லை. ஒரு காஸ் சிலிண்டர், பாட்டில்களைப் பூட்டிக் கையால் சுற்றும் ஓர் இரும்புக் கூண்டு, நல்ல தண்ணீர். இவ்வளவு இருந்தால் ஊருக்கு ஊர் ஒரு சோடா கம்பெனி. மேடையில் தொண்டை கட்டிய பேச்சாளருக்கும் சோடாதான், கூட்டத்தில் கலாட்டா என்றால் பறந்து வந்ததும் அதே பாட்டில்தான். தடித்த கண்ணாடி போட்டவரை ‘சோடாபுட்டி’ என்று கூப்பிடும் குறும்பும் இதனால் வந்ததே. பன்னீர் வாசம் சேர்த்தால் பன்னீர் சோடா. கல்யாண விருந்து முடிந்து அது ஒன்று உள்ளே போனால், வயிற்றில் இன்னொரு பந்திக்கு இடம் இருப்பதுபோல ஒரு பிரமை வரும்.

மதுரைக்கு அந்தப் பக்கம் விருதுநகரில், அது இன்னும் விருதுபட்டியாக இருந்த 1916-ல், பி.வி.எஸ்.கே. பழனியப்ப நாடார் தொடங்கியதுதான் காளிமார்க். அந்தக் கம்பெனி 1958-ல் இறக்கிய திராட்சை வாசக் கறுப்புக் கலர்தான் பொவண்டோ. தென்மாவட்டங்களில் வளர்ந்த பலருக்குத் திருவிழா என்றதும் நாக்கில் வரும் ருசி அது.

அந்தச் சமயம் கோகோ கோலாவும் இந்தியாவில் விற்றுக்கொண்டிருந்தது. 1977-ல் ஜனதா ஆட்சி வந்தது. அந்நியக் கம்பெனிகள் தங்கள் பங்கைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்ற சட்டத்தை அமைச்சர் ஜார்ஜ் பெர்னாண்டஸ் கறாராக அமல்படுத்த, கோக் மூட்டை கட்டியது. அந்த இடத்தைப் பிடிக்க அரசு நிறுவனமே ஒரு கோலா தயாரித்தது. பெயர் ‘77’. வருஷத்தையே பெயராக வைத்தும் ஓடவில்லை. தம்ஸ் அப் ஓடியது.

1993-ல் ஆக்ரா வழியாகத் திரும்பி வந்த கோக், போட்டிக்கு நின்ற தம்ஸ் அப், லிம்கா, கோல்டு ஸ்பாட் எல்லாவற்றையும் விலைக்கு வாங்கிவிட்டது. கோல்டு ஸ்பாட் பிறகு கடைகளிலிருந்தே காணாமல் போனது. பொவண்டோ விற்கப்படவில்லை.

இதற்குப் பிறகு கதை ருசியை விட்டுத் தண்ணீருக்குப் போகிறது. தண்ணீர் என்றால் சிவகங்கை மாவட்டத்தில் விளையாட்டு விஷயமில்லை. செட்டிநாட்டு வீடுகளின் முற்றம் அழகுக்காக மட்டும் கட்டியதல்ல. ஓட்டுக் கூரையில் விழும் மழையை அண்டாக்களில் பிடித்து வைத்த வீடுகள் அவை. ஊருக்கு ஊர் ஊரணி வெட்டியதும் அதே கவலையில்தான். காரைக்குடிக்காரர்கள் சம்பை ஊற்றுத் தண்ணீரின் ருசியைப் பெருமையாகச் சொல்வதில் ஆச்சரியமே இல்லை.

இதே மாவட்டத்தில் படமாத்தூரில் கோக் ஆலை வரப்போகிறது என்ற பேச்சு 2003-ல் எழுந்தது. நிலத்தடி நீர் போய்விடும் என்று ஊர்மக்கள் எதிர்த்துக் கிளம்பினார்கள். பயத்துக்குக் காரணம் இருந்தது. அப்போது கேரளத்தின் பிளாச்சிமடாவில் கிணறுகள் கெட்டுவிட்டன என்று கோக் ஆலை வாசலில் மக்கள் உட்கார்ந்திருந்தார்கள். 2004-ல் அந்த ஆலை நின்றது. படமாத்தூர் ஆலை வரவே இல்லை.

தாமிரபரணிக் கரையில் முடிவு வேறு. கங்கைகொண்டான் தொழிற்பேட்டையில் இருக்கும் குளிர்பான ஆலைகளுக்கு ஆற்றுத் தண்ணீர் தருவதை 2016 நவம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலமாகத் தடுத்தது. இரண்டு மாதத்தில் ஜல்லிக்கட்டுப் போராட்டம் வந்தது. அந்தச் சூட்டில், 2017 மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்க மாட்டோம் என்று வணிகர் அமைப்புகள் அறிவித்தன. மறுநாளே, மார்ச் 2-ல், நீதிமன்றம் தண்ணீர் வழக்கைத் தள்ளுபடி செய்தது. கடையில் கதவடைப்பு, ஆலையில் குழாய் திறப்பு! அந்தக் கோடையில் பொவண்டோவுக்குத் திடீர் மவுசு. அடுத்தடுத்த மாதங்களில் அந்நிய பாட்டில்கள் ஒவ்வொன்றாக அலமாரிக்குத் திரும்பிவிட்டன என்பதும் உண்மை.

ஒன்றை மறைக்கக் கூடாது. பொவண்டோவும் தண்ணீரில்தான் தயாராகிறது. உள்ளூர் கம்பெனி என்பதால் அது வானத்திலிருந்து வந்துவிடாது. சர்க்கரையும் அப்படித்தான். சாதாரணமாக ஒரு 200 மில்லி கோலாவில் நாலைந்து டீஸ்பூன் சர்க்கரை இருக்கும். பிள்ளைகளுக்கு வாங்கித் தரும்போது, பெயர் நம்மூர்ப் பெயரா என்பதோடு இதையும் பார்க்கலாம்.

கோலி சோடாவுக்கு வந்த வாழ்வைத்தான் யாரும் எதிர்பார்க்கவில்லை. பிளாஸ்டிக் பாட்டில் வந்ததும் கதை முடிந்தது என்றார்கள். 2025-ல் அது ‘கோலி பாப் சோடா’ என்ற பெயரில் அமெரிக்கா, பிரிட்டன், வளைகுடா நாடுகளுக்குக் கப்பல் ஏறுவதாக மத்திய அரசே அறிவித்தது. எந்த நாட்டிலிருந்து அந்த பாட்டில் வந்ததோ, அதே நாட்டுக்கு இங்கிருந்து ஏற்றுமதி!

உள்ளே இருக்கும் கோலியை எடுக்க, கடைக்காரர் அசந்த நேரத்தில் பாட்டிலை உடைத்து அடி வாங்கியவர்கள் எல்லா ஊரிலும் இருப்பார்கள். லண்டன் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.