சாமையை விரட்டியது உரல்தான்

எழுபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிக் கொல்லிமலை ஏறினால், சரிவு நிலங்களில் மரவள்ளி நிற்கிறது. இரண்டு தலைமுறைக்கு முன்பு அங்கே சாமையும் தினையும் பனிவரகும் கேழ்வரகும் விளைந்தன. சாமையில் மட்டுமே சடஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை, வெள்ளப் பெருஞ்சாமை என்று பல ரகங்கள். மூங்கிலும் மண்ணும் கொண்டு செய்த தொம்பையில் தானியம் இருந்தால், மழை பொய்த்த வருஷத்திலும் மலையாளிப் பழங்குடி வீடுகளில் அடுப்பு எரியும்.

பிறகு சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி (சேகோ) ஆலைகளுக்கு மரவள்ளிக் கிழங்கு தேவைப்பட்டது. 2011 முதல் ரேஷனில் அரிசி விலையில்லாமலும் கிடைக்கிறது. பட்டினி இல்லை என்பது பெரிய விஷயம். ஆனால் 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும் கால்சியம், அரிசியில் ஏறக்குறைய 10 மில்லிகிராம்தான். மரவள்ளிக் கிழங்கிலோ புரதம் 2 கிராம்கூடத் தேறாது. பத்து மாதம் காத்திருந்து பிடுங்கும் கிழங்குக்கு விலை சரிந்தால், அந்த வருஷம் பருப்பும் காய்கறியும் வாங்கக் கையில் காசிருக்காது.

மரவள்ளிக் காசில்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தோம் என்று விவசாயிகள் சொல்வதும் நியாயமே.

ஆனால் சாமை அடுப்படியை விட்டுப் போனதற்குக் காசு மட்டும் காரணமில்லை. கேழ்வரகை அப்படியே மாவாக அரைத்துவிடலாம். சாமைக்கும் தினைக்கும் பனிவரகுக்கும் உமி உண்டு. அதை நீக்கியாக வேண்டும். காட்டு வேலை முடித்து வந்த பெண்தான் உரலில் போட்டுக் குத்த வேண்டும், புடைக்க வேண்டும், மறுபடி குத்த வேண்டும். நெல்லுக்கான மில்லில் கொடுத்தால் இந்தப் பொடித் தானியம் நொறுங்கிப் போகும். ரேஷன் அரிசி வந்ததும் பெண்கள் உலக்கையைச் சாத்தி வைத்ததில் தவறே இல்லை.

2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அந்த ஆண்டு நீலகிரி, தருமபுரி ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு தரப்பட்டது. வாங்கியவர்கள் பக்கத்து மாவு மில்லில் அரைத்துக்கொள்ளலாம். சாமைக்கு அந்த வசதி எத்தனை ஊரில் இருக்கிறது?

நகரத்து ஆலையில் தீட்டி வாங்கிக்கொள்ளலாமே என்று தோன்றும். உமியோடு இருக்கும் சாமை வருஷக்கணக்கில் கெடாது. உமி நீக்கிவிட்டால், தவிட்டிலுள்ள எண்ணெயால் சில மாதங்களிலேயே சிக்கு வாடை வந்துவிடும். அதைத் தவிர்க்கத் தவிட்டையும் தீட்டிவிட்டால் சத்தும் நாரும் போய்விடும். ஆகவே தானியம் வீட்டிலேயே இருக்க வேண்டும். வாரத் தேவைக்கு மட்டும் கொண்டுபோய்த் தீட்டிவர எந்திரம் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும்.

இது நடக்காத காரியமில்லை. கொல்லிமலையிலேயே ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு மகளிர் குழுக்கள் இத்தகைய எந்திரங்களை இயக்கியிருக்கின்றன. விதை வங்கிகளில் பழைய ரகங்களையும் காத்திருக்கின்றன. அது திட்டக் காலத்தோடு நின்றுவிடாமல் ஊரின் சொத்தாக வேண்டும். சாலையும் தெருவிளக்கும் கேட்கும் கிராம சபையில், பெண்கள் பெயரில் உமி நீக்கும் எந்திரம் ஒன்றையும் தீர்மானமாக எழுதிக் கேளுங்கள். சாமையை விதைக்கச் சொல்லும் அறிவுரையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.