உயிர் வராத பழைய கணினி

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்த மேசைக் கணினி ஒருநாள் காலையில் விசையை அழுத்தியும் அசையாமல் கிடக்கிறது. "போய்விட்டது" என்று வீட்டார் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அடுத்த வாரம் அது பழைய சாமான் வாங்குபவரின் லாரியில் ஏறிவிடுகிறது. நமக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் அப்படித்தான் ஏற்றிவிட இருந்தார். தோட்டத்தில் வாழ்ந்த மூன்று தலைமுறையினரின் படங்களும், அவரே தட்டச்சுச் செய்த குடும்ப வரலாறும் அதற்குள் இருந்தன. வேறெங்கும் அவற்றுக்குப் படி கிடையாது.

கணினி தொடங்கவில்லை என்றால் எப்படித் தொடங்கவில்லை என்று முதலில் கேட்க வேண்டும். விளக்கும் இல்லை, ஓசையும் இல்லை என்பது ஒரு வகை. விசிறி சுழல்கிறது, திரை மட்டும் இருண்டிருக்கிறது என்பது வேறு வகை. எழுத்துகள் தோன்றிப் பாதியில் நின்றுவிடுவது மூன்றாவது. இம்மூன்றுக்கும் காரணங்கள் வெவ்வேறு.

அசைவே இல்லையென்றால் சுவரிலிருந்து தொடங்குவோம். அதே சுவர்த் துளையில் ஒரு மேசை விளக்கைச் செருகிப் பார்க்கலாம். கணினியின் மின்கம்பியை மாற்றிப் பார்க்கலாம். பின்புறத்திலுள்ள சிறு விசையை யாரேனும் தூசி துடைக்கும்போது அணைத்திருக்கலாம். இதைச் சொல்லச் சிரிப்பு வரும், ஆனால் நடப்பதுதான். சில பழைய பெட்டிகளின் பின்னால் 115, 230 என்று எழுதிய சிவப்புத் தள்ளுவிசை இருக்கும். நம் நாட்டில் அது 230இல்தான் இருக்க வேண்டும். 115இல் வைத்து மின்சாரம் கொடுத்தால் வெடிச்சத்தத்தோடு கதை முடிந்துவிடும்.

சுவரில் குறையில்லை என்றால் சந்தேகம் மின்வழங்கியின் மேல் விழுகிறது. பவர் சப்ளை என்று கடைக்காரர் சொல்வது இதைத்தான். வீட்டு மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் அளவுகளுக்கு இறக்கித் தருவது இதன் வேலை. 1995இல் வந்த ஏடிஎக்ஸ் முறைப்படி, கணினி அணைந்திருக்கும்போதும் 5 வோல்ட் ஓட்டம் ஒன்று தாய்ப்பலகைக்குச் சென்றுகொண்டே இருக்கும். பல பலகைகளில் அதனால் ஒரு சிறு விளக்கு எரியும். பெட்டியைத் திறந்து பார்க்கையில் வழக்கமாக எரிந்த அவ்விளக்கும் அணைந்திருந்தால், மின்வழங்கி தளர்ந்துவிட்டது என்று பெரும்பாலும் நம்பலாம். ஆனால் மின்வழங்கியின் கூட்டைப் பிரிக்கக் கூடாது. பிளக்கைக் கழற்றிய பிறகும் அதனுள் 300 வோல்ட்டுக்கு மேல் சிறிது நேரம் தங்கியிருக்கக்கூடும். அதை முழுதாக மாற்றுவதே முறை.

இது ஏன் தளர்கிறது? மின்வழங்கியிலும் தாய்ப்பலகையிலும் சிறு உருளைகள் போன்ற மின்தேக்கிகள் நிற்கின்றன. அவற்றுள் ஈரமான ஒரு வேதிக்கலவை உண்டு. வெப்பத்தில் அது மெல்ல வற்றுகிறது. வெப்பம் 10 பாகை குறைந்தால் அவற்றின் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பொறியாளர்களின் கணக்கு. அப்படியானால் நம் ஊர்ப் புழுக்கமும், விசிறியை அடைத்த தூசியும் என்ன செய்யும் என்று நேயர்களே எண்ணிப் பார்க்கலாம். 2000ஆம் ஆண்டையொட்டிய சில ஆண்டுகளில் கலவை சரியில்லாத மின்தேக்கிகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்து, உலகெங்கும் பலகைகள் காலத்துக்கு முன்பே கெட்டதும் உண்டு. தட்டையாக இருக்க வேண்டிய தலை உப்பியிருந்தாலோ, பழுப்புக் கசிவு தெரிந்தாலோ குற்றவாளி அதுவே.

விசிறி சுழன்று திரை இருண்டிருந்தால், முதலில் திரையின் கம்பியைப் பாருங்கள். அடுத்து நினைவகச் சட்டங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, தொடக்க விசையைச் சில விநாடிகள் அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடிய விட வேண்டும். பெட்டியின் இரும்பைத் தொட்டு உடம்பின் நிலைமின்சாரத்தையும் இறக்கிக்கொள்ள வேண்டும். பிறகு சட்டத்தைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பை அழிப்பானால் மெல்லத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, ‘டக்’ என்று பொருந்தும்வரை செருகுங்கள். ஈரப்பதம் மிகுந்த நம் வீடுகளில் பாதி நோய் இதிலேயே தீர்ந்துவிடுவதைக் கண்டிருக்கிறோம்.

எழுத்துத் தோன்றி நின்றால், தேதி பல ஆண்டு பின்னுக்குப் போயிருக்கிறதா என்று கவனியுங்கள். போயிருந்தால் தாய்ப்பலகையிலுள்ள 3 வோல்ட் காசு மின்கலம் தீர்ந்திருக்கும். அதன் விலை சில வெள்ளிதான். தேதி சரியாக இருந்து, வன்தட்டைக் காணவில்லை என்று செய்தி வந்தால் அதன் கம்பிகளை அழுத்திச் செருகிப் பாருங்கள். வன்தட்டிலிருந்து ‘டிக், டிக்’ என்று விடாது ஓசை வந்தால் மட்டும் உடனே நிறுத்திவிட வேண்டும். மீண்டும் மீண்டும் விசையை அழுத்துவது உள்ளேயிருப்பதை அழிக்கும் வழி.

ஆசிரியரின் கணினி ஆறு மாதமாகவே நான்கைந்து முறை அழுத்தினால்தான் விழித்ததாம். மின்தேக்கி வற்றுவதன் குறி அது. அவர் அதைக் கணினியின் பிடிவாதம் என்று எண்ணியிருந்தார். நாம் முதலில் பழுது பார்க்கவில்லை. வன்தட்டைக் கழற்றி, ஒரு யூஎஸ்பி இணைப்பான் வழியாக வேறொரு கணினியில் பொருத்தினோம். படங்களும் வரலாறும் அப்படியே இருந்தன. இரண்டு படி எடுத்து, ஒன்றை ஈப்போவிலுள்ள மகள் வீட்டுக்கு அனுப்பிய பிறகே புது மின்வழங்கி வாங்கப் போனோம்.